லெட்சுமி படிக்கிற பாட்டு

6 ஜனவரி 1997, திங்கள்

காலையிலிருந்து தூறல். மிளகு காயவில்லை. களத்தில் விரிப்பதும் வாரி அள்ளுவதுமாகவே பொழுது போனது. கணக்கப்பிள்ளையின் முகம் வானத்தைவிட மோசம்.

மத்தியானம் மாத்தளையிலிருந்து ஜெஸீமா ஒரு பை கொடுத்தனுப்பியிருந்தார். குவைத்தில் லெட்சுமி வேலை செய்யும் வீட்டுக்கு அடுத்த வீட்டில் வேலை அவருக்கு. லீவில் வந்திருக்கிறார். பையில் எனக்கு ஒரு ஷேவிங் செட், மகள் சுகந்திக்கு ஒரு சட்டை, ஒரு கெசட். சட்டை ஐந்து வயதுப் பிள்ளைக்கு உரியது. சுகந்திக்கு இப்போது ஏழு. லெ. போனபோது இருந்த அளவுதான் அவள் மனதில் இருக்கிறது. பிள்ளை கையை நுழைத்துப் பார்த்துவிட்டு மடித்து வைத்தாள்.

கெசட்டில் பாட்டில்லை, பேச்சு. கடிதம் எழுத அவளுக்குச் சோம்பல். பேசச் சொன்னால் மலை ஊற்றுப் பீலியில் விழும் தண்ணீர் மாதிரி கொட்டும். நான், சுகந்தி, தங்கச்சி வள்ளி மூவரும் உட்கார்ந்து கேட்டோம். சுகந்தி கெசட் ரேடியோவின் மேல் காதை வைத்துக்கொண்டாள்.

சாப்பாடு பரவாயில்லையாம். வெயில் அப்படி எரிக்கிறதாம். சுகந்தி தலைக்கு எண்ணெய் வைக்கிறேனா என்று கேட்டாள். கடைசியில்:

"என்னங்க, ஒரே ஒரு வேலை. நான் எப்பவும் படிக்கிற அந்தப் பாட்டு இருக்குல்ல, அத முழுசா ஒரு கெசட்டுல பதிஞ்சு ஜெஸீமா வரும்போது குடுத்து விடுங்க. வேற ஒண்ணும் வேணாங்க. உங்களுக்குத் தெரியாத பாட்டா!"

சிரித்தாள். அதோடு கெசட் முடிந்தது.

வள்ளி என்னைப் பார்த்தாள். நான் பேட்டரியைக் கழற்றித் துடைத்தேன்.

எந்தப் பாட்டு?

7 ஜன., செவ்வாய்

தூறல் விடவில்லை. ஸ்டோரில் மிளகு புடைக்கும் வேலை.

'உங்களுக்குத் தெரியாத பாட்டா.' நாள் முழுக்க இதுதான் காதில்.

தோட்டத்து இசை ரசிகர் மன்றத்தின் செயலாளர் நான். பாட்டு தொடங்கும் முன்னே தபேலா ஒரு தட்டுத் தட்டினால் போதும், எந்தப் படம், யார் இசை, யார் பாடியது, எந்த வருடம் என்று சொல்லிவிடுவேன். ரேடியோ வினாவிடையில் பரிசு வாங்கியவன். அந்தக் கடிகாரம்தான் சுவரில் ஓடுகிறது. இவ்வளவும் தெரிந்தவனுக்கு, ஒரே லயத்துக் காம்பராவில், ஒற்றை அறைக்குள், எட்டு வருடம் கூட இருந்தவள் என்ன பாட்டுப் படிப்பாள் என்று தெரியவில்லை. ஊருக்கெல்லாம் பல்லி குறி சொல்லுமாம், கூழ்ப்பானையில் விழுந்து சாகுமாம்.

யோசித்துப் பார்க்கிறேன். லெ. அடுப்படியில் நிற்கிறாள். உதடு அசைகிறது. சத்தம்? சத்தம் வரவில்லை. ஏனென்றால் நான் ரேடியோவைக் கூட்டி வைத்திருக்கிறேன்.

ஜெஸீமாவுக்கு 19ஆம் தேதி இரவு ப்ளேன். கடிதம் போட்டுக் கேட்க நாளில்லை. போன் எடுத்தால் அந்த வீட்டு அம்மாவுக்குக் கோபம் வருமாம். நாளும் போனும் இருந்தாலும் எப்படிக் கேட்பது? 'நீ என்ன பாட்டும்மா படிப்ப?' கேட்டால் சிரிப்பாள். சிரித்து முடிந்த பிறகு என்ன செய்வாள் என்பதுதான் பயம்.

வாங்க வேண்டியது: மண்ணெண்ணெய், தே. எண்ணெய், பெரிய பேட்டரி, நல்ல கெசட் ஒன்று.

8 ஜன., புதன்

வெயில் எட்டிப் பார்த்தது. மிளகு பாதி கறுத்தது.

வள்ளியிடம் மெல்ல விஷயத்தைப் போட்டேன். அடுத்த காம்பராதானே, கேட்டிருப்பாள்.

"அண்ணி படிக்கிற பாட்டா? நிறையப் படிப்பாங்களே. அந்த ஊஞ்சல் பாட்டு. அப்புறம் மழைப் பாட்டு ஒண்ணு. இல்ல, அது நான் படிக்கிறது."

"ஒழுங்கா யோசிச்சுச் சொல்லு."

"நீங்க யோசிங்க. கட்டிக்கிட்டது நீங்களா நானா?"

ஊஞ்சல் பாட்டு என்று எனக்குத் தெரிந்தே ஒன்பது இருக்கின்றன.

10 ஜன., வெள்ளி

நல்ல வெயில். களம் முழுக்க மிளகு. தும்மித் தும்மி மூக்கு சிவந்துவிட்டது.

மாலை மன்றக் கூட்டம், தலைவர் தேவராஜ் வீட்டில். தலைப்பு: உண்மையான ரசிகன் யார்? தலைப்புக் கொடுத்ததே நான்தான், போன மாதம். வாயும் வயிறும் சும்மா இருக்காது.

தேவராஜ் பேசினார். கூட்டத்தோடு கூட்டமாகக் கைதட்டுபவன் ரசிகனா, ஒரு பாட்டின் உள்ளே போய் உட்கார்ந்திருப்பவன் ரசிகனா என்று கேட்டார். பிறகு ஐந்தாறு வருடத்துக்கு முன் மன்றத்துச் சுவரொட்டியில் நான் எழுதியதையே எடுத்துச் சொன்னார்: "நம்ம செயலாளர் எழுதின மாதிரி, பஸ்காரன் போடுறதெல்லாம் கேக்குறவன் ரசிகன் இல்ல, பயணி!" எல்லோரும் கைதட்டினார்கள்.

அது அந்தப் பஸ் பாட்டுக்காக எழுதியது. ஆறேழு வருடமாக இந்த மலைப் பாதையில் ஓடும் எந்த பஸ்ஸில் ஏறினாலும் அதுதான். 'ஓடுற வண்டி நில்லு நில்லு, ஓரமா ஒரு சேதி சொல்லு.' சிங்கள டிரைவரும் அதைத்தான் போடுகிறார், தமிழ் டிரைவரும் அதைத்தான் போடுகிறார். சட்டிப் பானை உருளுகிற சத்தம். அர்த்தம் இருக்கிறதா, ராகம் இருக்கிறதா என்று கல்யாண வீட்டிலும் இழவு வீட்டிலும் நான் கேட்காத ஆளில்லை.

"செயலாளர் ஏன் இன்னைக்கு வாயத் தொறக்கல?"

"தடிமன், தொண்டை கட்டிருச்சு" என்றேன்.

11 ஜன., சனி

அரை நாள் வேலை. நோன்பு தொடங்கிவிட்டதாம், டவுனில் பகலில் சாப்பாட்டுக் கடைகள் பாதிக்கு மேல் மூடி.

வெட்கத்தை விட்டுப் பீலிக்கே போனேன். துணி துவைக்கும் பெண்களிடம் ஆம்பிளை போய் நின்று, என் பொண்டாட்டி இங்கே என்ன பாட்டுப் படிப்பாள் என்று கேட்கிறான். ஒருத்தி வாளியைப் போட்டுவிட்டுச் சிரித்தாள். ஆளுக்கொரு பாட்டுச் சொன்னார்கள். எல்லாம் ஊர் முழுக்க ஓடிய பாட்டு. ஒன்றுகூட என் அலமாரியில் இல்லை.

வரும் வழியில் வள்ளி, ஈரத்துணியும் கையுமாக:

"அண்ணே, ஒண்ணு சொன்னா கோவிக்கக்கூடாது. அண்ணி நல்லாத்தான் படிச்சிக்கிட்டு இருப்பாங்க. நீங்க ஸ்டோர்ல இருந்து வர்ற சத்தம் கேட்டா நிப்பாட்டிருவாங்க."

"ஏன்?"

"நீங்கதான் பிழை பிடிப்பீங்களே."

கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

14 ஜன., செவ்வாய். பொங்கல்

விடியலில் பனி. பிறகு பளிச்சென்று வெயில். பால் கிழக்குப் பக்கம் பொங்கியது, நல்லதென்றாள் வள்ளி. லெ. இல்லாத மூன்றாவது பொங்கல். பானைக்கு மஞ்சள் கட்ட அவளுக்குத்தான் வரும். நான் கட்டியது பாதியில் அவிழ்ந்து பொங்கலுக்குள் விழுந்துவிட்டது.

சாப்பிட்டபின் சுகந்தி பூனைக்குட்டியை மடியில் போட்டுத் தூங்க வைத்தாள். வார்த்தை இல்லாமல் 'ம்ம்ம்' என்று ஓர் இழுப்பு. மெதுவாக, ஆடி அசைந்து. நல்ல மெட்டு. எனக்குத் தெரியும் அது. சுகந்தி கைப்பிள்ளையாக இருந்த காலத்தில் ஒவ்வொரு நாளும் லெ. தொட்டிலை ஆட்டிக்கொண்டு ராகமிழுப்பாளே, அதே. அவளுடைய அம்மா வழியில் வந்த தாலாட்டு என்று நினைத்திருந்தேன். தாலாட்டெல்லாம் கெசட்டில் கிடைக்காது. அதனால் இதுவாக இருக்காது.

ஆனாலும் கேட்டேன். "இது என்ன பாட்டும்மா?"

"அம்மா பாட்டு."

"வார்த்தை?"

"வார்த்தை இல்ல. அம்மா வார்த்தை படிக்க மாட்டாங்க."

ராகம் பிடிக்கப் பார்த்தேன். கிட்டே வருகிறது, நழுவுகிறது. தபேலாவின் ஒரு தட்டில் கண்டுபிடிக்கிறவன், சொந்தப் பிள்ளையின் தாலாட்டில் முழிக்கிறேன்.

நாளை லீவு கேட்டிருக்கிறேன். டவுனுக்குப் போய், பீலியில் சொன்ன பாட்டெல்லாம் சேர்த்துப் பதிந்துவிட வேண்டும். எதிலாவது ஒன்று அதுவாக இருக்கட்டும். இருட்டில் கல்லெறிவது போலத்தான்.

15 ஜன., புதன்

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

சுகந்தியையும் கூட்டிக்கொண்டு காலை பஸ்ஸில் மாத்தளைக்கு. உட்கார இடமில்லை. டிரைவர் இருக்கைக்குப் பின்னால் நின்றோம். வளைவு தாண்டியதும் அந்த ஆள் பஸ் பாட்டைப் போட்டார். நான் வழக்கம்போல் முகத்தைச் சுளித்து ஜன்னல் பக்கம் திரும்பினேன்.

சுகந்தி சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, அம்மா பாட்டு வேகமா ஓடுது!"

"இது அம்மா பாட்டில்லம்மா. இது பஸ் பாட்டு."

"இல்லப்பா. இது அம்மா பாட்டுதான். ஏன் இவ்ளோ அவசரமாப் படிக்கிறாங்க?"

நான் மெதுவாக்கிப் பார்த்தேன், வாய்க்குள். தட்டு, தாளம், கத்தல் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, தொட்டில் ஆடும் வேகத்தில். 'ஓடுற வண்டி... நில்லு... நில்லு...'

அதேதான். ஒரு சுரம் பிசகவில்லை.

சுகந்தி பிறந்து கொஞ்ச நாளில்தான் அந்தப் பாட்டு வந்தது. அப்போது லெ. வார்த்தையோடு படித்தது லேசாக நினைவுக்கு வருகிறது. நான் என்னவோ சொன்னேன். 'இதெல்லாம் ஒரு பாட்டுன்னு பிள்ளை காதுல ஊத்துறியே.' இப்படித்தான் ஏதோ. அதற்குப் பிறகு வார்த்தையை விட்டுவிட்டு மெட்டை மட்டும் வைத்துக்கொண்டாள். நான் தினமும் அதைக் கேட்டுக்கொண்டே தூங்கியிருக்கிறேன், நல்ல தாலாட்டு என்று. சுவரொட்டிக்கு எழுதியதை வீட்டில் உரக்க வாசித்துக் காட்டியபோதும் அவள் பிள்ளையை ஆட்டிக்கொண்டுதான் இருந்தாள். பயணி என்றேன்.

பஸ்ஸில் கண் கலங்கி நின்றேன். கண்டக்டர், சுகமில்லையா என்று கேட்டார்.

பாட்டுப் பதிந்து கொடுக்கும் ரெக்கோர்டிங் பார் ரவிக்கு என்னை நன்றாகத் தெரியும். பழைய, எங்கும் கிடைக்காத பாட்டாகக் கேட்டு உயிரை வாங்குகிற ஆள் நான். பஸ் பாட்டு என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

"மற்றதெல்லாம் என்னென்ன?"

"மற்றது வேணாம். ஒரு பக்கம் முழுக்க இதே. மற்றப் பக்கம் வெறுமனே விடுங்க."

"ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பவா? உங்க மன்றத்துக்குத் தெரியுமா?"

"தெரியட்டும்."

சுகந்திக்கு ஐஸ்பழம். எனக்குப் பிளேன்டீ. பதிந்து முடியும் மட்டும் அந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். இரண்டாவது சரணத்துக்கு முன்னால் ஒரு புல்லாங்குழல் வருகிறது. இத்தனை வருடத்தில் அதைக் கேட்டதே இல்லை.

18 ஜன., சனி

மழை இல்லை. மிளகு மூட்டை கட்டியாயிற்று.

மத்தியானம் மற்றப் பக்கத்தில் சுகந்தியின் குரலைப் பதிந்தோம். லெ. படிக்கிற பாட்டென்றால் கடைப் பாட்டு பாதிதான். மெதுவாகப் படிக்கிறதுதானே அவளுடையது. பிள்ளைக்கு வார்த்தை தெரியாது. கெசட்டை நிறுத்தி நிறுத்தி ஓட்டி எழுதிக் கொடுத்தேன். அர்த்தமில்லாத பாட்டு என்று சொன்னவன் குந்தியிருந்து வரி வரியாக எழுதுகிறேன். இரண்டாவது சரணம்: 'போற வழி எனக்குத் தெரியும், வாற வழி நீ சொல்லு.' அந்த வரியை மட்டும் இரண்டு தரம் ஓட்டிக் கேட்டேன்.

சுகந்தி அருமையாகப் படித்தாள். நடுவில் பூனைக்குட்டி கத்தியது. அழிக்க வேண்டாமென்றாள், அம்மா அதைப் பார்த்ததில்லையாம். பிறகு, "அப்பா, நீங்களும் படிங்க."

"எனக்கு வராதும்மா."

"வேகமாப் படிச்சா வராது."

வள்ளி வாசலில் நின்று சிரித்தாள். நான் படிக்கவில்லை. 'பாட்டு கிடைச்சிருச்சு லெச்சுமி' என்று மட்டும் சொன்னேன். பட்டனை அமுக்கிவிட்டேன்.

மேலே ஒட்டும் தாளில் சுகந்தி 'அம்மா' என்று எழுதினாள். துணைக்கால் பெரிதாக.

19 ஜன., ஞாயிறு

வெயில். வெள்ளைச் சட்டை. கெசட்டைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில்.

டவுனுக்கு முன்னால் செக் பொயின்டில் எல்லோரையும் இறக்கினார்கள். வழக்கமானதுதான். ஐடென்டி கார்டைக் கையில் பிடித்து வரிசையில் நின்றோம். எனக்கு முன்னால் தேவராஜ், டவுனில் கல்யாணமாம். ஆமிக்காரப் பையனுக்கு மீசை இன்னும் சரியாக முளைக்கவில்லை. என் சட்டைப் பையைத் தட்டினான். கைக்குட்டையை அவிழ்த்தான். கெசட். தமிழ் எழுத்து.

"மொகக்த மே?" இது என்ன என்றான்.

"கெசட், மஹத்தயா. சிந்து." பாட்டு, ஐயா என்றேன்.

என்ன பாட்டு என்றான். வேறு பாட்டு, வடக்கில் சண்டை பிடிக்கும் இயக்கத்துப் பாட்டு இருக்குமோ என்று அவனுக்குச் சந்தேகம். உள்ளே கொண்டுபோய்க் கேட்டுப் பார்த்துவிட்டு நாளைக்குத் தருகிறோம் என்றான். நாளைக்கு ஜெஸீமா குவைத்தில் இருப்பார். நன்றாகச் சிங்களம் பேசுகிறவன் நான். அந்த நேரத்தில் ஒரு சொல் வரவில்லை. சுகந்தியின் கை என் கைக்குள் வியர்த்தது. அவன் கெசட்டை மேசைக்கு எடுத்துப் போகத் திரும்பினான்.

படித்தேன். வேறு என்ன செய்ய? நடுரோட்டில், பஸ் சனமெல்லாம் பார்க்க, மன்றத் தலைவர் பார்க்க, 'ஓடுற வண்டி நில்லு நில்லு' என்று பஸ்ஸில் ஓடும் அதே வேகத்தில், கட்டைத் தொண்டையில்.

பையன் திரும்பினான். முகம் மாறியது. "பஸ் எக்கே சிந்துவ நே!" என்று சிரித்தான். பஸ் பாட்டல்லவா! மணல் மூட்டையில் தாளம் வேறு தட்டினான். வார்த்தை ஒன்றும் புரியாதாம், லீவில் ஊருக்குப் போகும்போதெல்லாம் கேட்பானாம். பிள்ளையின் கன்னத்தைத் தட்டிக் கெசட்டைக் கொடுத்தான்.

என் அலமாரியில் இருக்கும் அருமையான பாட்டு எதைப் படித்திருந்தாலும் அவனுக்குத் தெரிந்திருக்காது.

பஸ்ஸில் ஏறும்போது தேவராஜ் காதோடு சொன்னார்: "சுருதி கொஞ்சம் இறங்கிருச்சு, செயலாளரே." அவ்வளவுதான். பெரிய மனுசன்.

சுகந்தி மட்டும், "மெதுவா படிச்சிருக்கலாம் அப்பா."

ஜெஸீமா வீட்டில் பெட்டி கட்டித் தயார். நோன்புப் பெருநாளைக்கு இங்கே இருக்கவிடவில்லையாம், குவைத் வீட்டில் பெருநாளைக்குத்தான் வேலை கூட. நோன்போடு இருந்தவர் சுகந்தி கை நிறையப் பேரீச்சம்பழம் வைத்தார். கெசட்டை நீட்டினேன். என்ன பாட்டு என்றார். சொன்னேன்.

"ஆ, அந்தப் பாட்டா! அவ வேல செய்ற வீட்டுச் சின்னப் புள்ளைக்கிப் படிக்கிறதே. அது இல்லாட்டி அந்தப் புள்ள ஒறங்காது. பாதியோட நிப்பாட்டிடுவா, மத்தப் பாதி மறந்து போய்த்தாம். புள்ள கண்ண முழிச்சிக்கிட்டு இன்னங் கேக்கும். பாவம், லெச்சுமி அழுவா."

மறந்து போனது எப்படி என்று எனக்குத் தெரியும்.

சுகந்தி பழத்தைக் கீழே வைத்தாள். "அது என் பாட்டு."

அவள் கையை நீட்டினாள். ஜெஸீமா என்னைப் பார்த்தார். கொடுக்கச் சொன்னேன். பாட்டு அவளுடையதுதான். கெசட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வாசற்படியில் போய் உட்கார்ந்தாள். நான் கூப்பிடவில்லை. வேன் வரும் நேரம். ஜெஸீமாவின் அண்ணன் இரண்டு தரம் வெளியே வந்து பார்த்தார்.

கொஞ்சம் கழித்து எழுந்து வந்தாள்.

"அந்தப் பாப்பா எவ்ளோ பெருசு?"

"இத்தனூண்டுதான் மகள். இன்னும் நடக்குறல்ல."

பிள்ளை யோசித்தாள். கெசட்டை அவர் கையில் வைத்தாள்.

"மற்றப் பக்கத்தப் போடச் சொல்லுங்க. அதுல நான் முழுசாப் படிச்சிருக்கேன். கடைப் பாட்டப் போட்டா பாப்பா முழிச்சிக்கும்."

ஜெஸீமா அவளைக் கட்டிப்பிடித்து அழுதார்.

திரும்பி வரும்போது கடைசி சீட்டில் இடம் கிடைத்தது. சந்தி தாண்டியதும் டிரைவர் அதே பாட்டைப் போட்டார். சுகந்தி என் மடியில் தலையை வைத்து, ஒரு காதைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"நீங்க படிங்கப்பா. மெதுவா."

படித்தேன். இரண்டாவது சரணமும்.